முப்பதடியக்கா

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பதடியக்கா என்றால் தபால்காரர் முதல் பால் போடுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. ஒல்லி உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் அகலத் தொப்பி, தோளில் புல்வெட்டும் மெஷின். இடுப்பில் சுருட்டிச் செருகிய ஒரு நைலான் கயிறு. அந்தக் கயிற்றில் இரண்டே இரண்டு சிவப்பு முடிச்சுகள். ஒன்று ஐந்தடியில், இன்னொன்று முப்பதடியில். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

தெரு என்றால், மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறி உச்சிக்குச் சற்றுக் கீழே முட்டுச்சந்தாக முடிகிற ஒரு தார்ச்சாலை. இருபத்து மூன்று வீடுகள். ஏறுவதற்கு ஒரே வழி, இறங்குவதற்கும் அதே வழி. வீடுகளுக்குப் பின்னால் சரிவு முழுக்க ஆள் நுழைய முடியாத புதர்க்காடு. மழைக்காலத்தில் அது கண்ணுக்குக் குளிர்ச்சி. கோடை வந்துவிட்டால் அவ்வளவும் விறகு.

குளிர் விட்டு, காற்றில் ஈரம் குறைய ஆரம்பித்ததும் அவள் முதல் வீட்டில் தொடங்குவாள். கயிற்றின் முனையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்வாள். முதல் முடிச்சு வரைக்கும் எரியக்கூடிய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. செடி கூடாது, சருகு கூடாது, சுவரோரம் அடுக்கிய விறகு கூடாது, வாசலில் கிடக்கும் கால்மிதிகூடக் கூடாது. "அப்ப விளக்குமாறு?" என்று குறும்பாகக் கேட்டவர்கள் உண்டு. அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளேயும் கொஞ்சம் வேலை இருக்கும் என்பாள். இரண்டாவது முடிச்சு வரைக்கும் புல் கணுக்காலைத் தாண்டக் கூடாது. மரங்களின் கிளைகள் ஆள் உயரத்துக்கு மேலேதான் தொடங்க வேண்டும். ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் நடுவே தீ எட்டித் தாவ முடியாத இடைவெளி வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்து மழைவாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் சருகைக் கை கையாக அள்ளிப் போடுவாள்.

அவள் கீழே ஒரு சலவைக்கடையில் வேலை பார்த்தவள். இஸ்திரி போட்ட துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவதும் அவள் பொறுப்பு. எந்த வீட்டுக் கொல்லைக் கதவு கிரீச்சிடும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அப்போதே அத்துப்படி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மலைச்சரிவில் தீப்பிடித்தது. அடங்கி இரண்டு நாள் கழித்து, அந்தப் பக்கத்து வீடு ஒன்றுக்குப் பன்னிரண்டு சட்டைகள் கொண்டுபோனாள். அங்கே வீடு இல்லை. புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. மடிப்புக் கலையாத பன்னிரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் நடுரோட்டில் நின்றாள். இரண்டு பக்கமும் சாம்பல். ஆனால் அடுத்த மனையில் ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் திரைகூடக் கருகவில்லை. வாசலில் காயப்போட்ட கால்சராய் கொடியிலேயே தொங்கியது.

தெய்வச் செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெய்வம் ஒன்றும் இல்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சோம்பல்பட்டு வீட்டைச் சுற்றிச் சரளைக்கல் கொட்டி வைத்திருந்தேன் என்றார் அவர். அங்கே அளவெடுத்துக்கொண்டிருந்த தீயணைப்பு அதிகாரி ஒருவர்தான் அவளுக்கு விளங்கவைத்தார்.

"நெருப்பு நடந்து வருதுன்னு எல்லாரும் நெனக்கிறாங்கம்மா. அது பறந்து வருது. காத்துல பொறி ஒரு மைல் முன்னாடியே வந்து உக்காருது. உக்கார எடம் இருந்தா வீடு போச்சு. எடம் இல்லன்னா தானா அணைஞ்சிடும்."

ஒரு பிடி சருகு. அதுதான் இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்று கேட்டதும் அவளுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மலை அளவு நெருப்பு. அதற்கு வழி விடுவதும் மறிப்பதும் ஒரு பிடி சருகு. அடுத்த வருஷமே சலவைக்கடையை விட்டாள்.

ஊர் வாயை மூட முடியுமா? பைத்தியம் என்றார்கள். புருஷன்காரர் தண்ணீர் லாரி ஓட்டுபவர், வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏணி மட்டும் வாங்கிக் கொடுத்தார். சொல்லவேண்டியதையெல்லாம் அவருடைய அக்கா சொல்லித் தீர்த்தார்.

அந்த நாத்தனாருக்கு உச்சியில், தெருவின் கடைசி வீடு. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவர். ஊரெல்லாம் பேசியதைக் கேட்டுக் கேட்டு, யாரையும் நம்பக் கூடாது என்கிற முடிவுக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் தம்பி மனைவி வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுவது அவருக்குப் பெரிய தலைக்குனிவாகப் போயிற்று. வார்த்தை தடித்து, பேச்சே நின்றுபோனது. எட்டு வருஷம். இடையில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தண்ணீர் லாரிக்காரர்தான் தபால்பெட்டி. அந்தத் தபால்பெட்டியும் பாதிக் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதனால்தான் உறவு மேலும் கெடாமல் அந்த மட்டோடு நின்றது.

தெருவிலேயே மோசமான வீடும் அதுதான். சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு முள்வேலிச்செடி, அதன் உள்பக்கம் முழுக்கப் பல வருஷத்துக் காய்ந்த குச்சி. கூரைவரை ஏறிப் படர்ந்த கொடி. வீட்டை ஒட்டிய மரத்தளத்துக்கு அடியில் அடுக்கிய விறகு. தெருமுழுக்கச் சுத்தம் செய்தாலும், மேலே அந்த வீடு பிடித்தால் பொறி கீழே உள்ள அத்தனை கூரைக்கும் பறக்கும். எட்டு வருஷமாக அவள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. கோடை பிறப்பதற்கு முன்பே புல் வெளுத்துவிட்டது. மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பூட்டிக் கிடந்த இரண்டு வீடுகளின் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போட்டாள், பதில் இல்லை. மற்ற இருபது வீடுகளையும் முடித்தாள். பதினாலாம் எண் வீட்டுத் தையல்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்குவார். அவர் வீட்டு முற்றத்தில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். மிச்சம் ஒன்றே ஒன்று. கயிற்றை எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினாள்.

கதவின் மூன்று தாழ்ப்பாள்களும் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் ஒரு சாண் அளவுக்குத்தான் கதவைத் திறந்தார்.

"ஊருக்கெல்லாம் மொட்டை அடிச்சாச்சு, இப்ப என் தலைக்கு வந்துட்டியா?"

"தலைய விட்டுருங்க அண்ணி. செடிய மட்டும் குடுங்க."

"முடியாது."

கதவு சாத்தப்பட்டது. மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த அம்மி நாலாம் நாள்தான் நகர்ந்தது. அன்று கயிறு, மெஷின் எதுவும் எடுத்துப்போகாமல் வெறுங்கையோடு போய்ப் படியில் உட்கார்ந்தாள். வெட்டத்தான் கூடாதென்றால் போகிறது, ஏன் கூடாது என்பதை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தே நாத்தனார் சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் படுத்திருந்தபோது, ஏதோ சத்தம் கேட்டுக் கண் விழித்தாராம். கட்டிலுக்கு நேர் எதிரே ஒருவன் நின்றிருந்தான். கத்தவோ அடிக்கவோ இல்லை. உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டிவிட்டு, ரேடியோவையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு நிதானமாக ஜன்னல் வழியாக இறங்கிப் போனான். தம்பிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. அந்த வாரமே முள்வேலிச்செடி வாங்கி நட்டார். அது ஜன்னலை மறைத்து வளர்ந்த பிறகுதான் தூக்கமே வந்தது.

"அந்த வெரலு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. நீ செடிய வெட்டிட்டுப் போயிருவ. நான் தூங்க வேண்டாமா?"

முப்பதடியக்கா எட்டு வருஷமாகப் பிடிவாதம் என்று நினைத்திருந்தது பயம். அதுவும் தீயைப் பற்றிய தன்னுடைய பயத்தோடு உடன்பிறந்தது மாதிரியான பயம். அவள் யோசித்துச் சொன்னாள்:

"வெட்டிட்டு நான் இங்கயே படுத்துக்கிறேன் அண்ணி. உங்களுக்குத் தூக்கம் வர்ற வரைக்கும்."

செடியை வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. முள் கையுறையைத் தாண்டிக் குத்தியது. உள்ளே இருந்த காய்ந்த குச்சிகள் மட்டுமே ஒரு லாரி வந்தது. தம்பிக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் அள்ளிக்கொண்டு போனார். விறகு முப்பதடிக்கு அப்பால் போயிற்று. ஜன்னல்களுக்கு இரும்புக் கம்பி அடித்தார்கள். மரத்தளத்து அடிப்பக்கத்தையும் கூரை ஓரத்துக் காற்றுத் துளைகளையும் சன்னக் கம்பி வலையால் மூடினாள். வீட்டைச் சுற்றிச் சரளைக்கல் கொட்டும்போது, நடந்தால் சத்தம் கேட்கும், திருடன் வந்தால் நாய் தேவையில்லை என்றாள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் நாத்தனார் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

பதினோரு நாள் கூடத்துச் சோபாவில் படுத்தாள். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒரே கூரைக்குக் கீழே. நாத்தனார் அவள் குறட்டையைக் குறை சொன்னார், தேநீரைக் குறை சொன்னார், துண்டு மடிக்கும் விதத்தைக் குறை சொன்னார். சலவைக்கடையில் இருபது வருஷம் துணி மடித்தவளிடம் துண்டு மடிப்பதைப் பற்றி! அதை மட்டும் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் நாத்தனார் தாமதமாக எழுந்து வந்து, நீ வேண்டுமானால் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து வந்தது தீ.

காலை பதினோரு மணி. காற்று வறண்ட வெப்பமாக மலைக்குப் பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது. முதலில் வாசனைதான் வந்தது. பிறகு சங்கு ஊதியது. போலீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு ஏறி, எல்லாரும் உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தது. அவள் வேனை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் இறங்க இறங்க மேலே ஏறினாள்.

நாத்தனார் ஒரு பெட்டியோடு வாசலில் தயாராக நின்றார், கையில் சாவி. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, திரைகள் கழற்றியிருந்தன. கிளம்பும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக்கொடுத்த தாளில் ஒன்றைத் தவிர எல்லாம் ஆகியிருந்தது. கதவைச் சாத்தலாம், பூட்டக் கூடாது. தீயணைப்புக்காரர்களுக்கு உள்ளே போகவேண்டி வரலாம் என்பது அந்தத் தாளின் கடைசி வரி.

"பூட்டாமப் போறதா? தெரிஞ்சுதான் பேசுறியா?"

அவளுக்கு அவரை வற்புறுத்த மனம் வரவில்லை. உங்கள் இஷ்டம் அண்ணி, ஆனால் சீக்கிரம் என்றாள். மலைக்குப் பின்னால் வானம் செம்புப் பாத்திரத்தின் அடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. நாத்தனார் பூட்டினார். வேனில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை, அதற்குள் "இரு" என்று சொல்லி இறங்கிப் போனார். சாவியைத் திருப்பினார். கதவைத் தள்ளிப் பார்த்தார், அது திறந்தது. மறுபடி இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வழியெல்லாம் திரும்பித் திரும்பி மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மலையடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அங்கிருந்து அவர்கள் பார்த்ததை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். மலையைவிட மூன்று மடங்கு உயரத்துக்குப் புகை எழுந்து நின்றது. அதன் உச்சி காலிஃபிளவர் மாதிரி விரிந்து வெள்ளை மேகமாக மாறியது. நெருப்பு தனக்கென்று ஒரு வானத்தைச் செய்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் மின்னல் வெட்டியது. பட்டப்பகலில் தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. நூறு ரயில்கள் ஒன்றாகப் போகிற மாதிரி இரைச்சல். பறவைகள் தலைக்கு மேலே ஒரே திசையில், ஒரு சத்தமும் இல்லாமல் பறந்தன. குழந்தைகள்கூட அழவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் அழுவதற்குக்கூட வாய் வரவில்லை போலும்.

முகடு முழுவதும் சிவந்து, ஒரே மூச்சில் தெருவின் பக்கம் இறங்கியது. பிறகு புகை எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. நான் என்ன செய்துவிட்டேன், முப்பதடிக் கயிற்றை வைத்துக்கொண்டு இதற்கு முன்னால் நின்றேனா என்று நினைத்து அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் தீயணைப்புக் குழுவின் தலைவர் மைதானத்துக்கு வந்தார். முகம் கரியாக இருந்தது, ஒரு பக்கப் புருவம் இல்லை. உச்சி வீட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். நாத்தனார் எழுந்து நின்றார். வீடு போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து முப்பதடியக்கா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குழுத் தலைவர் நடந்ததைச் சொன்னார். ஒன்பது பேர் முகட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது காற்று திடீரென்று திரும்பியது. இறங்குகிற சாலையில் எரிகிற மரம் ஒன்று குறுக்கே விழுந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்கள். எங்கே பார்த்தாலும் புதர், எல்லாம் எரியக்கூடியது. புகைக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சரளைக்கல். அந்த முற்றத்தில் போய் நின்றார்கள். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் இருந்தது, சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஆனால் தீயின் முன்பக்கம் வந்தபோது வெளியே நிற்க முடியாத சூடு.

"கதவுல கை வெச்சேன். பூட்டியிருந்தா ஒடைக்க நேரமில்லம்மா. தெறந்துக்கிச்சு."

ஒன்பது பேரும் கூடத்தில் தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறு நிமிஷம். ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன, ஆனால் உதிரவில்லை. தீ வீட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. இரைச்சல் கீழே இறங்கியதும் வெளியே வந்து, கூரையில் விழுந்திருந்த கங்குகளை அணைத்தார்கள். அங்கே பிடிக்காததால் கீழ்வீடுகளுக்கும் நேரம் கிடைத்தது. பூட்ஸ் காலோடு கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார் அவர்.

நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே முன்பின் தெரியாத ஒரு ஆண். தான் இல்லாதபோது தன் வீட்டுக்குள் போனவன். அப்படிப்பட்டவர்கள் ஒன்பது பேர்.

"குடிக்கத் தண்ணி எடுத்துக்கிட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டார்.

"பிரிட்ஜுல இருந்த ஜூஸையும் குடிச்சிட்டோம்மா."

"அது பழசு," என்றார் நாத்தனார்.

முப்பதடியக்கா மெதுவாக விலகி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தாள். ஒன்பது பேர். ஒன்பது வீடுகளில் இன்று ஒன்பது பேர் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றப் போகிறார்கள். செடியை வெட்டினோம், கல்லைக் கொட்டினோம், சருகை வாரினோம். அதற்கு இது என்றால், உலகத்தில் எது சின்ன வேலை? அவளுக்கு அது விளங்கவே இல்லை. முள் குத்திய தன் கைகளை வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரியோடு நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்துவிட்டு வந்த புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா சொல்லுச்சு," என்றார். அது அவருக்கு நீண்ட பேச்சு.

மூன்று நாள் கழித்துத்தான் தெருவுக்குள் விட்டார்கள். உச்சி வீட்டைச் சுற்றி முப்பதாவது அடியில், யாரோ கோடு போட்டு நிறுத்திய மாதிரி கறுப்பு நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மலையே கரி. இந்தப் பக்கம் கணுக்கால் உயரப் புல், வெளுத்துப்போய், ஆனால் புல்லாகவே. இருபது வீடுகள் நின்றன. பூட்டிக் கிடந்த இரண்டும் இல்லை.

மூன்றாவதாகப் போனது தையல்காரரின் வீடு.

அதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தெருவிலேயே சுத்தமான வீடு. ஒரு சருகு இல்லை. குழுத் தலைவரைக் கேட்டாள். ஓட்டுக்கு அடியில் பொறி புகுந்திருக்கலாம், வேறு எங்காவது நுழைந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பக்கத்து வீட்டில் அவள் கவனிக்காமல் விட்ட ஒரு பழைய மர நாற்காலி வாசலிலேயே கிடந்தது. அதன் ஒரு கால்கூடக் கருகவில்லை. நெருப்புக்கு நியாயம் தெரியாது என்பதை அன்று அவள் கண்ணால் கண்டாள். ஒன்பது பேரை விட்டதும் அதுதான், பதினாலாம் எண்ணை எடுத்ததும் அதுதான். ஒரே கை.

தையல்காரர் முகத்தில் விழிக்கப் பயந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனாள். அவர் சாம்பலைச் சல்லடையில் அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தார். மெஷின் ஒரு இரும்புக் கட்டியாகச் சுருண்டு கிடந்தது. பொத்தான்கள் எல்லாம் உருகி ஒரே வண்ணத் தட்டாக ஆகியிருந்தன. அதை அழகாக இருக்கிறது என்று எடுத்துத் தனியே வைத்திருந்தார். அவள் எதிரே நின்று, ஏதோ ஒன்றை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன், என் தப்புத்தான் என்றாள்.

அவர் சல்லடையைக் கீழே வைத்தார்.

"என் வீடு எரிஞ்சது உங்க தப்புன்னா அக்கா, மத்த இருபது வீடு நிக்கறது யாரோட தப்பு?"

அவள் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து சலித்தாள். மதியத்துக்குள் இரண்டு கத்திரிக்கோல்கள் கிடைத்தன. அவர் இப்போது நாத்தனார் வீட்டு முன்னறையில் கடன் வாங்கிய மெஷினில் தைக்கிறார். புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. நாத்தனார் அவரைத் தையலிலும் குறை சொல்கிறார் என்று கேள்வி.

இன்னும் ஒன்று நடந்தது. தீ அடங்கிப் பத்து நாள் இருக்கும். எரிந்த சரிவிலிருந்து கல் உருண்டு வருகிறதா என்று பார்க்க அவளும் நாத்தனாரும் உச்சி வீட்டுக்குப் பின்னால் போனார்கள். புதர் இருந்த இடம் முழுக்க இப்போது வெறும் கரிமண். மலையின் எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. எந்தப் பாறை எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளம் எங்கே ஓடுகிறது என்று முதல்முறையாகக் கண்ணுக்குப் பட்டது. அந்தச் சாம்பலுக்கு நடுவே, அடுக்கு அடுக்காக, நேர்நேராக ஏதோ இறங்கிப் போனது.

படிகள்.

அவள் பூட்ஸ் காலால் சாம்பலைத் தள்ளினாள். உளியால் கொத்திய கல். நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் ஏறி இறங்கிய தேய்மானம். முப்பது வருஷம் அந்த வீட்டில் இருந்த நாத்தனாருக்கு அது தெரியாது. எட்டு வருஷம் தெருவெல்லாம் புல் வெட்டி, இந்த வருஷம் அதன் விளிம்புவரை வந்த அவளுக்கும் தெரியாது. முப்பத்தைந்தாவது அடியில் தொடங்கியிருக்கிறது அது. யார் வெட்டினார்கள், எங்கே போவதற்கு? பிற்பாடு நகராட்சியில் கேட்டபோது எந்த வரைபடத்திலும் இல்லை என்றார்கள்.

இரண்டு பேரும் இறங்கினார்கள். சரிவின் நடுவே ஒரு இடத்தில் படி அகன்று, உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்காகவே ஒரு கல்திண்டு போட்டிருந்தது. நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தபோது இருபது கூரைகளும் தெரிந்தன. கீழே, படி முடிகிற இடத்தில், ஓடைக்கு அப்பால் பள்ளிக்கூடத்துப் பின்வாசல்.

தெருவுக்கு ஒரே வழிதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார்கள். இன்னொரு வழி காலடியிலேயே கிடந்திருக்கிறது. முப்பதடியக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

"யாரு போட்டிருப்பா இத?" என்று நாத்தனார் கேட்டார்.

"தெரியல அண்ணி. ஆனா நல்லாப் போட்டிருக்காங்க."

எத்தனை படி என்று அவள் எண்ணிக்கொண்டே இறங்கினாள். நாத்தனார் குறுக்கே பேசிப் பேசி எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. மறுநாள் தனியாக வந்து, துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பதினெட்டு.